தாங்கியும் கழுத்தும்: எரிபொருள் தட்டுப்பாட்டின் வரலாற்றில் வீட்டுக் கைவேலை

மோட்டார் வாகனத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இயந்திரத்தின் வரலாற்றையே எழுதியுள்ளனர். எத்தனை குதிரைவலு, எத்தனை உருளை, எந்தக் கம்பனி, எந்த ஆண்டு என்பனவே அவர்தம் கவனத்தைக் கவர்ந்தன. வாகனத்தின் அடிப்புறத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், தகட்டால் அடித்துப் பொருத்தப்பட்ட எரிபொருள் தாங்கியைப் பற்றியோ, அதிலிருந்து வெளிப்புறம் வரை நீளும் கழுத்துக் குழாயைப் பற்றியோ ஓரிரு வரிகளுக்கு மேல் எவரும் எழுதுவதில்லை. ஆயின், எண்ணெய்க் கிணற்றிலிருந்து கப்பல், துறைமுகம், பவுசர், நிரப்பு நிலையம் என்று நீண்டு வந்து தனிமனிதனை அடையும் பாதையின் கடைசி வாயில் அக்கழுத்தேயாகும். அப்பாதை எங்கே ஒடுக்கப்பட்டதோ அங்கெல்லாம் மக்கள் தம் வீட்டு முற்றத்திலே தாங்கியிலும் கழுத்திலும் கைவைத்திருக்கின்றனர். இக்கைவேலையை வாகனப் பித்தர் சிலரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அது பங்கீட்டின் வரலாறு என்பதையே இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

கட்டுரையாளன் கினிகத்தேனையைச் சேர்ந்தவன். அவிசாவளையிலிருந்து கித்துல்கலை வழியாக ஏறி வரும் அட்டன் வீதியும், நாவலப்பிட்டியிலிருந்து வரும் வீதியும் சந்திக்கும் ஊர் அது. ஊரின் சிங்களப் பெயரைப் பிரித்துப் பார்ப்பின் 'தீப்பற்றிய சேனை' என்ற பொருள் கிடைக்கும். ஆண்டின் பெரும்பகுதி மழையிலேயே நனைந்து கிடக்கும் ஓர் ஊருக்கு இப்பெயர் வாய்த்தது வேடிக்கைதான். 2022ஆம் ஆண்டு நடுப்பகுதியில், அம்மழையிலே, என் தந்தையாரின் முச்சக்கர வண்டியை எரிபொருள் வரிசையில் நிறுத்திவிட்டு இரவு பகலாக அதற்குக் காவல் இருந்தபொழுதே இப்பொருள் பற்றிய சிந்தனை எனக்கு முதன்முதலில் எழுந்தது. அதனைப் பின்னர் கூறுவேன். முதலிலே தாங்கி எங்கே இருந்தது என்பதைப் பார்த்தல் வேண்டும்.

1908ஆம் ஆண்டு முதல் 1927 வரை உற்பத்தி செய்யப்பட்ட போர்ட் 'ரி' மாதிரிக் காரில், அதன் உற்பத்திக் காலத்தின் பெரும்பகுதியில், பெற்றோல் தாங்கி முன் ஆசனத்தின் அடியிலே அமைந்திருந்தது. பெற்றோலை இழுத்துக் கொடுக்கும் பம்பு எதுவும் இல்லை. தண்ணீர் பள்ளம் நோக்கிப் பாய்வது போலப் பெற்றோலும் புவியீர்ப்பினாலே இயந்திரத்துக்குப் பாய்ந்தது. நிரப்ப வேண்டுமாயின் ஆசனத்தில் இருப்பவர் இறங்க வேண்டும்; மெத்தையைத் தூக்க வேண்டும்; எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய ஒரு மரக்கோலை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். சமதரையில் இவ்வமைப்பில் குறையில்லை. செங்குத்தான ஏற்றத்திலோ காரின் முகம் மேல்நோக்கி எழ, இயந்திரம் தாங்கியை விட உயர்ந்துவிடும். தாங்கியில் பெற்றோல் குறைவாக இருப்பின் அது இயந்திரத்தை அடையாது. இதற்குச் சாரதிகள் கண்ட வழி எளிமையானது: காரைத் திருப்பிப் பின்புறமாகவே மலையேறினர். தாங்கி மேலாகவும் இயந்திரம் கீழாகவும் அமைந்துவிட்டது. கடுகண்ணாவை ஏற்றத்தையும் கினிகத்தேனை வளைவுகளையும் கண்டவர்கள் இதன் அருமையை உணர்வர்.

பிரித்தானியரின் 'ஒஸ்டின் செவன்' என்னும் சிறு காரில் இக்குறையைத் தவிர்க்கத் தாங்கியைச் சாரதியின் முழங்காலுக்கு முன்னே, இயந்திரத்தை ஒட்டிய உயரத்தில் வைத்தனர். பெற்றோல் தடையின்றிப் பாய்ந்தது உண்மைதான். ஆயின் சாரதி, சூடான இயந்திரத்துக்கு அருகே, தன் மடிக்கு முன்னால் பல கலன் பெற்றோலைச் சுமந்து சென்றார். 1930களின் தொடக்கத்திலே பம்பு பொருத்தப்பட்டதும் அத்தாங்கி பின்புறத்துக்கு நகர்ந்தது. 1948இல் வெளிவந்து நம் நாட்டு வீதிகளில் இன்றும் காணப்படும் மொரிஸ் மைனரில் தாங்கி பொதிப்பெட்டியின் அடித்தளத்துக்குக் கீழே இருக்கின்றது. முன்புறத்து மின்பம்பு 'டிக் டிக்' என்று ஒலித்துக்கொண்டு பெற்றோலை இழுக்கின்றது. தாங்கி பின்னே போனதும் கழுத்து நீண்டது. இம்மாற்றம் சிறியதாகத் தோன்றினும் அதன் விளைவுகள் சிறியனவல்ல.

கழுத்து தொடர்பாக ஐக்கிய அமெரிக்காவின் இரு நிகழ்ச்சிகளை இங்கு கூற வேண்டியுள்ளது. முதலாவது, போர்ட் கம்பனியின் 'பின்ரோ' கார் பற்றியது. அதன் தாங்கி பின் அச்சுக்கும் பின் தடுப்புக்கும் இடையே இருந்தது. பின்னாலிருந்து இன்னொரு வாகனம் மோதும்பொழுது கழுத்துக் குழாய் தாங்கியிலிருந்து பிடுங்கப்பட்டுப் பெற்றோல் கொட்டித் தீப்பற்றிய விபத்துகளில் உயிர்கள் மாண்டன. 1978இல் ஏறத்தாழப் 15 இலட்சம் கார்கள் திருப்பி அழைக்கப்பட்டன. அவற்றுக்குச் செய்யப்பட்ட திருத்தம் யாது? மேலும் நீண்ட ஒரு கழுத்துக் குழாயும், தாங்கிக்கு முன்னே ஒரு பிளாத்திக்குக் கவசமுமே. பெரும் முதலீட்டைக் கொண்ட கம்பனி ஒன்று ஆண்டுக்கணக்காகச் செய்யாது விட்ட வேலை, ஒரு கராஜில் அரை நாளில் முடிந்துவிடும் அளவினதாகவே இருந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி நமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 1921இல் தோமஸ் மிட்ஜ்லி என்பார் ஈயச் சேர்மம் ஒன்றைப் பெற்றோலில் கலந்தால் இயந்திரத்தின் 'தட்டு' நீங்கும் என்று கண்டார். அரை நூற்றாண்டு கழிந்த பின்னர், வெளியேறும் புகையைத் தூய்மை செய்யும் ஊக்கிக் கருவி கார்களில் பொருத்தப்பட்டபொழுது ஈயம் அக்கருவியைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெற்றோல் கட்டாயமாயிற்று. ஈயப் பெற்றோலோ சில சதங்கள் மலிவாக இருந்தது. மக்கள் மலிவானதை நாடுவர் என்பதை அறிந்த அரசு, சட்டத்தைக் கழுத்தின் விட்டத்திலேயே எழுதியது: ஈயமற்ற பெற்றோலின் குழல்முனை ஏறத்தாழ 21 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது, ஈயப் பெற்றோலின் முனை ஏறத்தாழ 24 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது, 1975ஆம் ஆண்டு மாதிரி முதலான புதிய கார்களின் கழுத்தினுள்ளே சிறிய முனை மட்டுமே நுழையும் தடைவளையம் இருத்தல் வேண்டும். சில மில்லிமீற்றர் வித்தியாசம்! அவ்வித்தியாசத்தை வீட்டுக் கராஜ்களில் அரத்தாலும் சுத்தியலாலும் அழித்தவர்கள் பலர். புனல் வைத்து ஊற்றியோர் வேறு. அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் ஆண்டுதோறும் வாகனங்களைச் சோதித்து, கழுத்து அகட்டப்பட்டவை எத்தனை என்று எண்ணிக்கை எடுக்கும் நிலை ஏற்பட்டது. தாம் மிச்சப்படுத்திய சில சதங்களுக்கு விலையாகத் தெருவில் விளையாடும் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியதை அகட்டியவர்கள் கண்ணாற் காணவில்லை. வளமிக்க ஒரு நாட்டிலே, எரிபொருள் தாராளமாகக் கிடைத்த இடத்திலே, விலை வேற்றுமை ஒன்றே இக்கைவேலையைத் தூண்டிற்று என்பது கவனிக்கத்தக்கது.

இதற்கு நேர்மாறான நிலைமைகளில் இதே கைவேலை எவ்வாறு அமைந்தது என்பதே இனி நோக்கற்பாலது.

நமது மலைநாட்டில் எரிபொருள் முதலிலே வந்தது தகரத்தில்தான். நான்கு கலன் கொள்ளும் சதுர மண்ணெண்ணெய்த் தகரம் தோட்ட வாழ்வில் எடுத்துக்கொண்ட இடங்களைப் பட்டியலிட்டால் அதுவே தனிக் கட்டுரையாகும். தண்ணீர் சுமக்க, நெல் அவிக்க, பூச்செடி வைக்க, விரித்து அடித்துக் கோழிக் கூட்டுக்குக் கூரையாக்க - எண்ணெய் தீர்ந்த பின்னரே அத்தகரத்தின் உண்மையான வாழ்வு தொடங்கியது எனலாம். அக்காலத்தில் எண்ணெய் வாணிகம் ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ ஆகிய அந்நியக் கம்பனிகளின் கையில் இருந்தது. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, 1962இல் அக்கம்பனிகளின் உடைமைகளில் ஒரு பகுதி அரசுடைமையாயிற்று. இழப்பீடு பற்றிய பிணக்கினால் 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. ஆயினும் 1964 தொடக்கம் எரிபொருள் விற்பனை முழுவதும் கூட்டுத்தாபனத்தின் ஏகபோகமாயிற்று. 1969இல் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கிற்று. இவ்வளவும் நம் அரசியல் வரலாற்று நூல்களில் உள்ளனவே. எண்ணெயின் உரிமை கம்பனியிடமிருந்து அரசுக்கு மாறியது பெரியதொரு மாற்றம். ஆயின் அரசு பங்கிடும் பொருளை அரசு மறுக்கவும் முடியும் என்பது அம்மாற்றத்தின் மறுபக்கம். அம்மறுபக்கத்தை முழுமையாக அனுபவித்தது வடபுலம்.

1990 ஜூனிலே போர் மீண்டும் மூண்ட பின்னர் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், மின்கலம், சீமெந்து, பசளை எனத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. யாழ்ப்பாணத்துக்கான தேசிய மின்வழங்கலும் அற்றுப்போயிற்று. யாழ்ப்பாணத்தவர் அம்மின்சாரத்தை 'லக்சபானா' என்றே பேச்சில் குறிப்பிட்டனர் என்பதை விடுதித் தோழர் ஒருவர் கூறக் கேட்டபொழுது நான் வியந்தேன். லக்சபானா எங்கள் ஊரிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஆறுகளின் நீர் சுழற்றிய விசையாழிகள் அவை. எங்கள் மழை அவர்களுடைய விளக்காக இருந்த காலம் ஒன்று இருந்திருக்கின்றது. அவ்விளக்கு அணைந்தபின் 2013 வரை யாழ்ப்பாணம் தேசிய மின்வலையமைப்புடன் மீண்டும் முறையாக இணைக்கப்படவில்லை.

ஆகவே மண்ணெண்ணெய் ஒன்றே எஞ்சியது. அதுவும் மட்டுப்படுத்தப்பட்ட அளவிலேயே வந்தது. அதை வைத்துக்கொண்டே வீட்டில் விளக்கு எரிய வேண்டும். தோட்டத்துக்கு நீரிறைக்கும் யந்திரம் ஓட வேண்டும். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் காரும் ஓட வேண்டும். ஜாம் போத்தலினுள் சிறிது பஞ்சும், அது நனையும் அளவுக்கு மாத்திரம் எண்ணெயும் விட்டுச் செய்த விளக்கில் ஒரு தலைமுறை மாணவர் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தமை பலரும் அறிந்ததே. அவ்விளக்கைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். காரைப் பற்றி எழுதியோர் குறைவு.

பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுமா? குளிர்ந்த நிலையில் ஓடாது. பெற்றோல் உறைபனிக் குளிரிலும் ஆவியாகும் இயல்புடையது. மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலேதான் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். எனவே முதலிலே பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை எழுப்பி, அது நன்கு சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். இதற்கு இரண்டு தாங்கிகள் தேவை: பின்புறத்துப் பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய், முன்புறத்தில், காபரேற்றருக்கு மேலாக, ஒரு சிறு கலத்தில் பெற்றோல். இரண்டுக்கும் இடையே திருகித் திறக்கும் ஒரு குழாய்வாய். சிறு கலமாகப் பயன்பட்டது பெரும்பாலும் ஒரு போத்தலே. மருத்துவமனைச் சேலைன் குழாய் பெற்றோற் குழாயாயிற்று. அந்த அளவு பெற்றோலுங்கூட இல்லாதவர்கள் சிறிய பிளாத்திக்குச் சூப்பியில் வைத்திருந்த சில துளிகளைக் காபரேற்றரின் வாயிலே பீய்ச்சி, அத்துளிகள் எரியும் கணத்துக்குள் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டனர். மோட்டார்ச் சைக்கிள்களில் இதுவே வழமை. பெற்றோல் இவ்வாறு துளிக்கணக்கில், கண்ணுக்கு விடும் மருந்தைப் போல, அளந்து பயன்படுத்தப்பட்டது.

ஓட்டத்தை நிறுத்தும்பொழுதும் ஒரு நுட்பம் உண்டு. மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் காபரேற்றரில் எஞ்சுவது மண்ணெண்ணெயாகவே இருக்கும். மறுநாட் காலை அது எழும்பாது. ஆகவே வீட்டை அடைவதற்குச் சற்று முன்னரே குழாய்வாயைத் திருப்பிப் பெற்றோலில் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். எந்த மதிலைத் தாண்டியதும் திருப்ப வேண்டும் என்பதைச் சாரதி அனுபவத்தாலே அறிந்திருந்தார். முன்கூட்டித் திருப்பினால் கிடைத்தற்கரிய பெற்றோல் வீண். பிந்தித் திருப்பினால் மறுநாள் தள்ளித்தான் எழுப்ப வேண்டும்.

இதிலே வரலாற்று மாணவன் உற்றுநோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இரட்டைத் தாங்கி முறை யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் வெறுமையிலிருந்து தோன்றியதன்று. 1940களின் இறுதியில் வெளிவந்த பெர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான உழவு எண்ணெயில் ஓடுவதற்கென்றே இவ்வாறு ஆக்கப்பட்டிருந்தது: சிறு பகுதியில் பெற்றோல், பெரும் பகுதியில் உழவு எண்ணெய், பெற்றோலில் எழுப்பிச் சூடேற்றிப் பின் மாற்றுதல். நீரிறைக்கும் யந்திரங்களிலும் இம்முறை வழக்கில் இருந்தது. தோட்டக் கிணற்றடியில் நாளாந்தம் அத்தகைய யந்திரத்தோடு பழகிய கமக்காரனுக்கும், அதனைத் திருத்திக் கொடுத்த மெக்கானிக்குக்கும் அத்தத்துவம் கைவந்த ஒன்று. விவசாயத்தின் அறிவு போர்க்காலத்தில் வீதிக்கு வந்தது என்று கொள்வதே பொருத்தமாகும். 'தமிழனின் மூளை' என்று மேடையிலே கூறிப் பெருமைப்படுவதிலும், இவ்வறிவு எங்கிருந்து எவர் கைவழியாக வந்தது என்று ஆராய்வது பயன் தரும்.

எந்தக் காரும் இதற்குப் பொருந்திவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. மண்ணெண்ணெய் எளிதில் 'தட்டும்' எரிபொருள். அமுக்க விகிதம் உயர்ந்த இயந்திரம் அதனைத் தாங்காது. 1980களின் யப்பானியக் கார்கள் ஒன்பதுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டிய அமுக்கத்தில் இயங்கியவை. அவை பல முற்றத்திலே உறங்கின. 1950களின் ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் முதலானவற்றில் பல ஏழுக்கு ஒன்றை ஒட்டியவை. அவை எழுந்து ஓடின. தென்னிலங்கையில் பழம்பொருளாகக் கருதப்பட்ட கார்களே யாழ்ப்பாணத்தில் மணமக்களை ஏற்றின, பிணங்களையும் ஏற்றின. வளர்ச்சி என்பது முன்னோக்கிய ஒரே கோடு என்று பாடநூலிற் கற்ற நமக்கு, பழையதன் தாழ்ந்த விகிதமே அதன் பலமாக மாறிய இவ்வுதாரணம் சிந்தனைக்குரியது.

இழப்பும் இல்லாமல் இல்லை. எரியாத மண்ணெண்ணெய் உருளையின் சுவர்வழியே வடிந்து ஒயிலிற் கலந்து அதனைத் தண்ணீராக்கும். பிளக்கிலே கரி பிடிக்கும். வெண்புகை பின்னால் வருவோரின் கண்ணைக் கரிக்கும். ஆயினும் இவை வாகனத்தின் நோய்களே. மனிதருக்குரிய ஆபத்து வேறோரிடத்தில் இருந்தது. பெற்றோலும் மண்ணெண்ணெயும் ஒரே வீட்டில், ஒரே மாதிரியான போத்தல்களில் வைக்கப்பட்டன. மண்ணெண்ணெயிற் சிறிது பெற்றோல் கலந்தாலும் அது விளக்குக்கு ஆகாது. கலவையின் ஆவி விளக்கையே வெடிக்கச் செய்யும். இரவு விளக்கை நிரப்பும் தாய் எந்தப் போத்தலை எடுத்தாள் என்பதிலே ஒரு குடும்பத்தின் விதி தங்கியிருந்தது.

தமிழ்நாட்டிலே இதற்கு முந்திய ஓர் அத்தியாயம் உண்டு, சுருக்கமாகக் கூறுவேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெற்றோல் பங்கீடு வந்தபொழுது பேருந்துகளின் பின்புறத்தில் கரியடுப்புப் பொருத்தி, அதிலெழும் வாயுவைக் கொண்டு ஓட்டினர். மதுரையில் ரி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் அத்தகைய வாயுக் கலங்களைத் தானே ஆக்கி வழங்கியது. தாங்கிக்குப் பதிலாக ஓர் உலையையே வாகனம் சுமந்தது. ஆனால் அது அரசின் ஊக்கத்தோடு, தொழிற்சாலையின் அளவுகோலோடு நடந்த மாற்றம். யாழ்ப்பாணத்தில் நடந்ததோ அரசின் தடைக்கு எதிரே, அளவுகோலின்றி, பத்தடிக் கொட்டகைகளில் நடந்தது. இரண்டையும் ஒரே 'போர்க்காலக் கண்டுபிடிப்பு' என்ற தலைப்பின் கீழ் அடக்குவது தவறாகும். 1990களில் சோவியத் எண்ணெய் நின்றுபோன கியூபாவிலே, துவிச்சக்கர வண்டியில் சிறு இயந்திரத்தைப் பூட்டிப் பிளாத்திக்குப் போத்தலைத் தாங்கியாக்கி ஓட்டியோரே யாழ்ப்பாணத்தவருக்கு நெருங்கிய உறவினர்.

2002 ஜனவரியில் வடக்கின் மீதான தடை நீக்கப்பட்டது. அதே ஆண்டில் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோலின் விற்பனையும் முடிவுக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை.

இனி எங்கள் ஊர். 2022 ஏப்பிரல் நடுப்பகுதியில் கூட்டுத்தாபனம் ஒரு தடவைக்கு மோட்டார்ச் சைக்கிளுக்கு 1000 ரூபாவுக்கும் முச்சக்கர வண்டிக்கு 1500 ரூபாவுக்கும் காருக்கு 5000 ரூபாவுக்கும் மேல் எரிபொருள் வழங்குவதில்லை என்று அறிவித்தது. கான்களிலும் போத்தல்களிலும் நிரப்புதல் அதற்கு முன்னரே தடுக்கப்பட்டிருந்தது. ஜூன் 27ஆம் நாளின் பின்னர் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எவருக்கும் எரிபொருள் இல்லை என்றாயிற்று. ஓகஸ்டில் நாடு முழுதும் கியூஆர் குறிமுறை வந்தது. தொடக்கத்தில் முச்சக்கர வண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றர்.

இவ்வறிவித்தல்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். போத்தல் சட்டவிரோதமாயிற்று, வாகனத்தோடு பிணைந்த தாங்கி ஒன்றே சட்டபூர்வமான கலம். எரிபொருள் பெறும் உரிமை மனிதனுக்கன்றி வாகனப் பதிவிலக்கத்துக்கு வழங்கப்பட்டது. ஓடாத வாகனமாயினும் தாங்கி இருந்தால் பங்கு உண்டு. தாங்கி இல்லாதவன் வரிசையிலே நிற்கவும் தகுதியற்றவன். ஆதலால் வீட்டுக் கைவேலையின் திசையும் மாறிற்று. யாழ்ப்பாணத்தில் தாங்கிக்குள் எதைச் செலுத்துவது என்பது வினா. எங்கள் ஊரிலோ தாங்கியிலிருந்து எப்படி வெளியே எடுப்பது என்பது வினா. பகலில் நிரப்பப்பட்டது இரவிலே றப்பர் குழாய் வழியே போத்தலுக்கு இறங்கியது. புல்வெட்டும் யந்திரம் வைத்திருந்தவர், மருந்து தெளிக்கும் பம்பு வைத்திருந்தவர், மகளின் பிரசவ நாளை எண்ணிக்கொண்டிருந்தவர் எனப் பலரும் அவ்வாறு செய்தனர். வாயால் உறிஞ்சிப் பெற்றோலை விழுங்கிய ஒருவர் இரண்டு நாள் இருமிக் கிடந்ததை நான் அறிவேன். பதுக்கல் என்று வானொலி கூறியது. அதிலே பதுக்கலும் இருந்தது, மறுப்பதற்கில்லை. வாங்கியதை மும்மடங்கு விலைக்கு விற்றவர்களும் எங்கள் வீதியில் இருந்தனர்.

என் தந்தையார் வேறொரு வழியில் இறங்கினார். ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. மண்ணெண்ணெய் 87 ரூபா. மண்ணெண்ணெய் கிடைத்த ஒரு நாள் பெற்றோலோடு அதனைக் கலந்தார். யாழ்ப்பாணத்து ஒஸ்டின் பொறுத்ததை எங்கள் முச்சக்கர வண்டி பொறுக்கவில்லை. வட்டவளை ஏற்றத்தில் இயந்திரம் தட்டித் தட்டி நின்றது. தாங்கியைக் கழற்றியபொழுது அடித்தட்டிலே துருவும் ஒரு சிறு கசிவும் தெரிந்தன. அதனை ஒட்டுவித்துக்கொள்ளலாம் என்று டவுனிலுள்ள கராஜ் பாஸ் ஒருவரிடம் நானே கொண்டு சென்றேன். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். தாங்கி காலியாகத்தானே இருக்கிறது, உடனே ஒட்டிவிடலாமே என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார்.

"தம்பி, நெறஞ்ச டாங்கிக்கு நான் பயப்பட மாட்டேன். காலி டாங்கிக்குத்தான் பயம்."

அது அனுபவத்தில் விளைந்த அறிவு. எரிவது பெற்றோல் அன்று. காற்றோடு கலந்த அதன் ஆவி. காற்றிலே நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் ஏழரைப் பங்கு வரை அவ்வாவி கலந்திருப்பின் ஒரு பொறி போதும். நிறைந்த தாங்கியில் அக்கலவைக்கு இடம் குறைவு; காலியான தாங்கியோ முழுவதும் அக்கலவையாகவே இருக்கலாம். ஆவி காற்றினும் கனமானதாகையால் வாயைத் திறந்து வைத்தாலும் எளிதில் வெளியேறாது அடியிலே படிந்து கிடக்கும். பாஸ் அத்தாங்கியைச் சவர்க்கார நீரிலே பலமுறை கழுவி, மூன்று நாள் கவிழ்த்து வைத்து, அதன் பின்னரும் தீச்சுவாலை அருகே வராமல், வெளியே காய்ச்சிக் கொண்டுவந்த செம்புக் கோலால் ஈயப்பற்று வைத்தார். அவருக்கு இதனைக் கற்பித்தது எந்த நூலும் அன்று. இளமையிலே தாம் வேலை பழகிய கராஜில் தாங்கி ஒன்று வெடித்ததாகவும், ஒட்டியவரைத் தாம் அதன் பின்னர் காணவில்லை என்றும் மட்டும் கூறினார்.

அந்த ஆண்டு ஓகஸ்டு 21ஆம் நாள் நள்ளிரவு முதல் மண்ணெண்ணெய் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்ட 1000 ரூபா. லயத்திலே அடுப்புக்கோ விளக்குக்கோ ஒரு லீற்றர் வாங்குபவர் தம் நாட்கூலியின் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டியதாயிற்று. முச்சக்கர வண்டியில் கலந்து ஓட்டுவோரைத் தடுக்க இவ்விலையேற்றம் உதவியிருக்கலாம். கலந்து ஓட்ட வண்டியே இல்லாதவர்கள் விறகுக்குத் திரும்பினர். கொழுந்து பறித்து முடித்த பெண்கள் மாலையில் தலையில் விறகுக் கட்டோடு ஏற்றத்தில் வந்த காட்சியை நான் அந்த ஆண்டில் மீண்டும் கண்டேன். தாங்கி உள்ளவனுக்கு ஒரு குறி இருந்தது, ஒரு பங்கு இருந்தது, ஏமாற்றுவதற்கு ஒரு வழியும் இருந்தது. இவர்களுக்கு ஏமாற்றவும் ஒரு கழுத்து இல்லை. 2023 செப்டெம்பரில் அக்குறிமுறை நிறுத்தப்பட்டது.

சென்ற விடுமுறையில் விடுதித் தோழரின் அழைப்பின் பேரில் அவருடைய ஊருக்குச் சென்றிருந்தேன். வீட்டுக் கொட்டகையிலே அவருடைய பாட்டனார் காலத்து ஒஸ்டின் ஒன்று நின்றது, இப்பொழுது ஓடுவதில்லை. முன்மூடியைத் தூக்கிக் காட்டும்படி கேட்டேன். இயந்திரத்துக்கும் ஆசனத்துக்கும் இடையிலான தகட்டில், காபரேற்றருக்குச் சற்று மேலே, கையால் துளைத்த நான்கு துளைகள் இருந்தன. அவற்றை எதற்கென்று அவர் அறியார்; வாங்கும்பொழுதே இருந்திருக்கும் என்றார். உள்ளேயிருந்து அவருடைய அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அதிலைதானே தம்பி அப்பப்பா போத்தில் கட்டினவர்" என்றார். கட்டியிருந்த கம்பியின் ஒரு துண்டு இன்னும் ஒரு துளையிலே முறுக்கியபடி இருந்தது.